வேலை செய்யும் கைகளுக்கும் யோசனை உண்டு

“சொன்னதை மட்டும் செய். யோசிக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது?”

கடைகளிலும் தையல் நிலையங்களிலும் அலுவலகங்களிலும், ஏன், நமது வீட்டுக் குசினிகளிலும்கூட அடிக்கடி காதில் விழும் வார்த்தைகள் இவை. இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். வேலை நேரத்துக்கு முடிய வேண்டும், பொருள் வீணாகக் கூடாது, வாடிக்கையாளர் குறை சொல்லக் கூடாது என்ற கவலையிலேயே பெரும்பாலும் இவ்வாறு சொல்லி விடுகிறார்கள். ஆனால், இதைக் கேட்டவர் அதன் பிறகு எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை. அவர் சொன்னதை மட்டுமே செய்கிறார். துணி தவறான பக்கம் வெட்டுப்படப் போவதைக் கண்ணால் கண்டாலும் வாய் திறப்பதில்லை. இந்த வேலையை இதைவிட இலகுவாகச் செய்யலாமே என்று மனதில் தோன்றினாலும் அதை மனதிலேயே புதைத்து விடுகிறார். மாதம் முடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகிறார்.

அவருக்கு இதனால் உண்டாகும் நஷ்டம் ஒரு புறமிருக்க, அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கு உண்டாகும் நஷ்டம் எவ்வளவு என்பதை நாம் கணக்குப் பார்த்ததுண்டா? இரண்டு கைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். அந்தக் கைகளோடு சேர்ந்து வந்த கண்களையும் மூளையையும் வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பி விடுகிறோம்.

வேலை செய்பவருக்குச் சுதந்திரம் கொடுத்தால் அவர் சோம்பேறியாகி விடுவார் என்று எண்ணுவோரும் உண்டு. சுதந்திரம் கொடுத்தால் புதுமை தானாகப் பெருகும் என்று மேடைகளில் பேசுவோரும் உண்டு. இவ்விரண்டில் எது உண்மை என்பதை அறிய, இந்த வழியை நூறு ஆண்டுகளாகப் பரீட்சித்துப் பார்த்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். அதில் நாம் பின்பற்ற வேண்டியதும் உண்டு. எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு.

கல்லில் ஏமாந்தவர்கள்

ஐக்கிய அமெரிக்காவின் வட பகுதியில் மினசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே 1902ஆம் ஆண்டு ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரங்கக் கம்பனியை ஆரம்பித்தார்கள். பொருட்களைத் தேய்த்து மினுக்க உதவும் ஒரு வகைக் கடினமான கல்லைத் தோண்டி விற்பது அவர்களது திட்டம். தோண்டிப் பார்த்தபோதுதான் அது அவர்கள் நினைத்த கல் அல்ல, வேலைக்கு உதவாத மலிவான கல் என்பது தெரிய வந்தது. சுரங்கம் கைவிட்டதால், தச்சர்களும் வாகனத் திருத்துநர்களும் பாவிக்கும் சேண்ட் பேப்பர் தயாரிக்கும் தொழிலுக்கு அவர்கள் மாறினார்கள். அந்தக் கம்பனிதான் பிற்காலத்தில் ‘த்ரீ எம்’ என்ற பெயரில் உலகமெங்கும் அறியப்பட்டது. நமது வீட்டுப் பிள்ளைகள் புத்தகங்களில் ஒட்டி வைக்கும் மஞ்சள் நிறச் சிறு குறிப்புத் தாள்களும், கிழிந்த தாளை ஒட்டும் கண்ணாடி போன்ற டேப்பும் அங்கிருந்து வந்தவைதாம்.

1907ஆம் ஆண்டு வில்லியம் மக்நைட் என்ற இளைஞர் அங்கே உதவிக் கணக்காளராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1914இல் பொது முகாமையாளராகவும், 1929இல் தலைவராகவும் ஆனார். கணக்கு எழுதும் மேசையிலிருந்து வந்தவர் என்பதால் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குப் பார்க்கக் கூடியவராகவே அவர் இருந்தார். அப்படிப்பட்டவருக்கு ஒரு சாதாரண ஊழியர் கற்றுக் கொடுத்த பாடம் சுவையானது.

தொண்ணூற்றொன்பது டொலர் கதை

ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1921இல் அந்தக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பொறியியல் படிப்பை இடையில் விட்டவர். பாஞ்சோ வாத்தியம் வாசித்தவர். கம்பனி தயாரித்த புதிய சேண்ட் பேப்பரை வாகனங்களுக்கு வர்ணம் பூசும் இடங்களுக்குக் கொண்டுபோய்ப் பரீட்சித்துப் பார்ப்பது அவரது வேலைகளில் ஒன்றாக இருந்தது.

அக்காலத்தில் காருக்கு இரண்டு நிற வர்ணம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு நிறம் மற்றதன் மேல் படாமலிருக்க, வர்ணம் பூசுபவர்கள் தாள்களைப் பசை தடவி ஒட்டி மறைப்பார்கள். பின்னர் தாளை உரித்தெடுக்கும்போது புதிய வர்ணமும் சேர்ந்து கழன்று வரும். அவ்வளவு வேலையும் பாழாகும். 1923இல் ஒரு நாள், இவ்வாறு வேலை கெட்டுப்போனதால் வர்ணம் பூசுபவர்கள் திட்டித் தீர்ப்பதை ட்ரூ கேட்டார். வர்ணத்தைக் கழற்றாமல் உரியக் கூடிய ஒட்டுத் தாளொன்றைத் தான் செய்து தருவதாக வாக்களித்தார்.

இது அவருடைய வேலை அல்ல. அவருடைய கம்பனி அதுவரை ஒட்டுத் தாள் எதனையும் தயாரித்ததுமில்லை. இருந்தும் அவர் பல வகைப் பசைகளையும் தாள்களையும் வைத்து முயன்று கொண்டேயிருந்தார். அதை விட்டுவிட்டுச் சேண்ட் பேப்பர் வேலையைப் பார்க்கும்படி மக்நைட் அவருக்குச் சொன்னார். ட்ரூ அந்த வேலையையும் பார்த்தார், இதையும் விடவில்லை. பின்னர் தேவையான இயந்திரமொன்றை வாங்கப் பணம் கேட்டபோது மக்நைட் மறுத்து விட்டார். நூறு டொலர் வரையான பொருட்களைத் தன் சொந்தக் கையெழுத்தில் வாங்கும் அதிகாரம் ட்ரூவுக்கு இருந்தது. ஆகவே அவர் தொண்ணூற்றொன்பது டொலர் கட்டளைகளாகப் பலவற்றை எழுதி அந்த இயந்திரத்தைப் பெற்றுக் கொண்டார் என்று அந்நிறுவனத்தின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1925இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. 1930இல் கண்ணாடி போன்ற ஒட்டு டேப்பையும் அவரே கண்டுபிடித்தார். அது உலகப் பொருளாதாரம் வீழ்ந்திருந்த காலம். புதிதாக எதையும் வாங்க வழியில்லாத குடும்பங்கள் கிழிந்ததையும் உடைந்ததையும் ஒட்டிப் பாவிக்க அந்த டேப் பெரிதும் உதவிற்று.

ட்ரூ செய்த தந்திரத்தை நாம் பாராட்ட வேண்டியதில்லை. கணக்கில் விளையாடுவது யார் செய்தாலும் நல்லதல்ல. கவனிக்க வேண்டியது மக்நைட் அதிலிருந்து எதைப் படித்தார் என்பதையே. கட்டளையை மீறினான் என்று அவர் அந்த ஊழியரை வெளியே அனுப்பவில்லை. நல்ல யோசனையுள்ள ஒருவன் ஒளித்து மறைத்து வேலை செய்ய வேண்டிய நிலை தன் கம்பனியில் ஏன் உண்டாயிற்று என்பதையே சிந்தித்தார்.

அந்தச் சிந்தனையின் பயனை 1948இல் அவர் எழுத்தில் வைத்தார். அதன் சாரம் இதுதான்: தொழில் வளர வளர பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும். பொறுப்பை ஏற்றவர்கள் தங்கள் சொந்த வழியில் வேலை செய்யவே விரும்புவார்கள். அப்போது தவறுகள் நேரும். ஆனால், எல்லாவற்றையும் மேலிருந்து விரல் நீட்டிச் சொல்லிக் கொண்டேயிருக்கும் மேலதிகாரி செய்யும் தவறோடு ஒப்பிட்டால், அந்தத் தவறுகள் பெரியவையல்ல. தவறு செய்தவரை நொறுக்கி விடும் கண்டனம் அவருடைய சுயமுயற்சியைக் கொன்று விடும்.

ஆறு மணி நேரம்

இதே காலத்தில் அந்நிறுவனத்தில் இன்னொரு வழக்கமும் வேரூன்றியது. ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் வேலை நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தங்களுக்குத் தோன்றிய யோசனைகளில் செலவிடலாம் என்பதே அது. வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை என்றால் இது ஆறு மணி நேரமாகும்.

1968இல் ஸ்பென்சர் சில்வர் என்ற இரசாயன விஞ்ஞானி மிகவும் பலமான ஒரு பசையைத் தயாரிக்க முயன்றார். கிடைத்ததோ மிகவும் பலவீனமான பசை. ஒட்டும், இழுத்தால் உரிந்து விடும், மீண்டும் ஒட்டும். இதனால் என்ன பயன் என்று எவருக்கும் தெரியவில்லை. வேறிடமாக இருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும். சில்வர் ஆண்டுக்கணக்காகத் தன் சக ஊழியர்களுக்கு அந்தப் பசையைப் பற்றிச் சொல்லிக் கொண்டே திரிந்தார். அவருடைய பேச்சைக் கேட்டவர்களில் ஆர்ட் ஃப்ரை என்பவரும் ஒருவர். ஃப்ரை தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்காக வைக்கும் துண்டுத் தாள்கள் அடிக்கடி விழுந்து விடுவது அவருக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. 1974இல், தாளைக் கிழிக்காமல் ஒட்டி உரியக் கூடிய அந்தப் பசை அவருக்கு நினைவு வந்தது.

அதன் பிறகும் உடனே வெற்றி கிட்டவில்லை. 1977இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், மக்கள் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு பொய்சி என்ற நகரில் இலவசமாகக் கொடுத்துப் பாவிக்க விட்டார்கள். பாவித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாங்குவோம் என்றார்கள். 1980இல் அமெரிக்கா முழுவதும் அது விற்பனைக்கு வந்தது. பசை பிறந்து அது பொருளாகக் கடைக்கு வரும்வரை பன்னிரண்டு ஆண்டுகள்! இத்தனை காலம் ஒரு ‘தோற்ற’ யோசனையைச் சுமந்து திரிய ஒருவரை அனுமதிப்பது சாதாரண பொறுமையல்ல.

வாசலில் நிறுத்தப்பட்ட பெண்

நமது வாசக சகோதரிகள் சிறப்பாக அறிய வேண்டியவர் பாட்ஸி ஷேர்மன். 1930இல் பிறந்த இவர் பாடசாலையில் படிக்கும்போது, எந்தத் தொழில் பொருந்தும் என்று அறியும் பரீட்சையொன்றுக்குத் தோற்றினார். அக்காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வினாத்தாள், ஆண் பிள்ளைகளுக்கு வேறொரு வினாத்தாள். அவருடைய முடிவு, இல்லத்தரசியாக இருப்பதே பொருத்தம் என்று வந்தது. ஆண்களுக்கான வினாத்தாளைத் தனக்கும் தரும்படி அவர் பிடிவாதமாகக் கேட்டு எழுதினார். இம்முறை, பல் வைத்தியமோ இரசாயனவியலோ பொருந்தும் என்று வந்தது! பிள்ளை மாறவில்லை. கேட்ட கேள்வி மாறியதும் பதில் மாறிவிட்டது.

1952இல் அவர் அதே நிறுவனத்தில் இரசாயன விஞ்ஞானியாகச் சேர்ந்தார். விமானங்களுக்கான ஒரு வகை ரப்பரைப் பற்றிய ஆய்வு அவருக்குக் கொடுக்கப்பட்டது. 1953இல் ஆய்வுகூட உதவியாளர் ஒருவரின் கன்வஸ் சப்பாத்தின் மேல் அந்த ஆய்வுத் திரவம் தவறுதலாகச் சிந்தியது. சவர்க்காரம், தண்ணீர், வேறு திரவங்கள் எதனாலும் அது போகவில்லை. நாட்கள் சென்று சப்பாத்து முழுதும் அழுக்கானபோது, அது சிந்திய இடம் மட்டும் சுத்தமாகவே இருந்தது. சிந்தியவரைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஷேர்மனும் அவருடைய சக விஞ்ஞானி சாமுவேல் ஸ்மித்தும், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை ரப்பர் ஆய்வு என்று இருந்து விடாமல் அந்தச் சப்பாத்தின் பின்னால் போனார்கள். துணியில் அழுக்கும் நீரும் பிடிக்காமல் காக்கும் ஸ்கொட்ச்கார்ட் என்ற பொருள் 1956இல் சந்தைக்கு வந்தது.

அந்தப் பொருளை ஒரு நெசவாலையில் பரீட்சித்துப் பார்க்கும்போது, அதைக் கண்டுபிடித்த ஷேர்மன் வெளியே காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கள் ஆலைக்குள் செல்ல அப்போது அனுமதி இல்லை. யோசிக்கச் சுதந்திரம் கொடுத்தார்கள். யோசித்ததன் பலனைப் போய்ப் பார்க்க விடவில்லை. 2001இல் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் கௌரவ மன்றத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. 2008இல் அவர் காலமானார்.

கயிற்றை இழுக்கும் உரிமை

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஸ்கொட்ச்கார்ட் தயாரிப்பில் பாவித்த இரசாயனம் இயற்கையில் அழியாமல் தங்கி, மனித இரத்தத்திலும் விலங்குகளிலும் சேர்வது தெரிய வந்தது. அதனால் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த இரசாயனத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால், தன் தொழிலாளர்களின் இரத்தத்தில் இந்த வகை இரசாயனங்கள் இருப்பதை நிறுவனத்தின் பரிசோதனைகள் 1970களிலேயே கண்டிருந்தன என்பது பின்னர் வழக்குகளில் வெளிவந்த ஆவணங்களால் அம்பலமாயிற்று. புதியதைக் கண்டுபிடித்தவரின் சொல்லுக்கு அங்கே செவி இருந்தது. தீங்கைக் கண்டவரின் சொல்லோ உரிய காலத்தில் வெளியே வரவில்லை.

ஆகவே, வேலைத்தலத்தில் சுதந்திரம் என்பது நல்ல யோசனை சொல்லும் சுதந்திரம் மட்டுமல்ல. “இதில் ஏதோ பிழை இருக்கிறது, நிறுத்துங்கள்” என்று சொல்லும் சுதந்திரமும் அதில் அடங்கும். இதற்கு ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ஒரு வழி செய்தது.

அந்தக் குழுமத்தின் தொடக்கம் நெசவுத் தறியில் இருக்கிறது. சாகிச்சி டொயோடா உருவாக்கிய தறியில் ஒரு நூல் அறுந்தாலும் தறி தானாக நின்று விடும்; அதனால் பிழையான துணி நெய்யப்படுவதில்லை. இதே கொள்கையை அவர்கள் கார்த் தொழிற்சாலைக்கும் கொண்டுவந்தார்கள். வேலை வரிசையின் மேலே ஒரு கயிறு தொங்கும். பிழையைக் காணும் எந்தத் தொழிலாளியும், அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும், அதை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் பிழை தீராவிட்டால் முழு வரிசையும் நிற்கும். இழுத்தவரை யாரும் ஏசுவதில்லை. 1951ஆம் ஆண்டு முதல் தொழிலாளர்களிடமிருந்து யோசனைகளை எழுத்தில் பெறும் திட்டமொன்றையும் அந்நிறுவனம் நடத்தி வந்தது. பெரிய கண்டுபிடிப்புகளை அது எதிர்பார்க்கவில்லை. ஒரு கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, ஒரு தடவை குனிவதைக் குறைப்பது போன்ற சின்னச் சின்ன யோசனைகளே போதும் என்றது.

கட்டுப்பாடு வேண்டாமா?

“அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? ஆளுக்கொரு வழியில் போனால் வேலை என்னாவது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

2001இல் த்ரீ எம் நிறுவனத்துக்கு ஜேம்ஸ் மக்னர்னி என்ற புதிய தலைவர் வெளியிலிருந்து வந்தார். செலவைக் குறைத்து, ஒவ்வொரு வேலையையும் அளந்து, பிழைகளை ஒழிக்கும் ‘சிக்ஸ் சிக்மா’ என்ற முறையை அவர் எங்கும் புகுத்தினார். தொழிற்சாலையில் அது நல்ல பலனைத் தந்தது, இலாபமும் உயர்ந்தது. ஆனால், அதே அளவுகோலை ஆய்வுகூடங்களுக்குள்ளும் கொண்டுபோனார்கள். இன்னும் பிறக்காத யோசனைக்குக் கணக்கும் காலக்கெடுவும் அறிக்கையும் கேட்டால் அது எப்படிப் பிறக்கும்? புதிய பொருட்களால் வரும் வருமானம், மூன்றில் ஒரு பங்காக இருந்தது நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது என்று 2007இல் அமெரிக்க வர்த்தகச் சஞ்சிகையொன்று எழுதிற்று. மக்னர்னி 2005இல் விலகியபின் வந்த ஜோர்ஜ் பக்லி, ஆய்வுகூடங்களில் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தினார். தொழிற்சாலைகளில் அதை நீக்கவில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவும் சுத்தமும் பாதுகாப்பும் கணக்கும் வேண்டிய இடத்தில் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். மருந்தகத்தில் மாத்திரை எண்ணுபவர் ‘புதுமை’ செய்யக் கூடாது. ஆனால், அந்த மருந்தகத்தில் நோயாளிகள் வரிசையில் நீண்ட நேரம் நிற்காமலிருக்க என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்கலாமே!

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை தெரேசா அமபிலே இந்த விடயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். எந்த மலையில் ஏறுவது என்பதை நிர்வாகம் முடிவு செய்யலாம். எந்தப் பாதையால் ஏறுவது என்பதை ஏறுபவரிடம் விட வேண்டும் என்பது அவருடைய கருத்து. அதோடு, மலையை நாளுக்கு நாள் மாற்றிக் கொண்டிருக்கவும் கூடாது. இலக்குத் தெளிவாக இல்லாவிட்டால், கொடுத்த சுதந்திரமும் வீணாகும்.

இதே பேராசிரியை ஏழு முதல் பதினொரு வயது வரையான பெண் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை 1982இல் வெளியானது. வர்ணத் தாள்களை ஒட்டிப் படம் செய்யும்படி பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. ஒரு குழுவுக்கு, மிகச் சிறந்த படங்களுக்கே பரிசு என்று சொன்னார்கள். மற்றக் குழுவுக்கு, பரிசுகள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்படும் என்று சொன்னார்கள். போட்டிக்காகச் செய்த பிள்ளைகளின் படங்களில் கற்பனை குறைவாகவே காணப்பட்டது. பரிசின் மேல் கண் போனதும் விளையாட்டு மனம் ஓடிவிட்டது. நம் பிள்ளைகளை எந்நேரமும் “யார் முதலாம் இடம்?” என்று விரட்டுகின்ற நாமும் ஆசிரியர்களும் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

நமது சிறு வேலைத்தலங்களில்

“இவையெல்லாம் கோடிக்கணக்கில் பணம் புரளும் கம்பனிகளின் கதை, எனக்கென்ன?” என்று எண்ண வேண்டாம். இன்று எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்தே தையல் வேலை நடத்துகிறார்கள். கேக் செய்து விற்கிறார்கள். கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். பாலர் பாடசாலை நடத்துகிறார்கள். அவர்களிடம் இரண்டு பேர், நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அதுவும் ஒரு வேலைத்தலம்தான். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு பதினைந்து வீதம் கொடுக்க வசதியில்லாமல் இருக்கலாம். ஆனால், பின்வருவனவற்றுக்குப் பெரிய மூலதனம் தேவையில்லை.

ஒன்று, முடிவைச் சொல்லுங்கள், வழியை விடுங்கள். “வியாழன் அஸருக்கு முன் இந்த ஆறு அபாயாக்களும் முடிய வேண்டும், அளவு இது, துணி வீணாகக் கூடாது” என்பது முடிவு. எதை முதலில் வெட்டுவது, யார் கை தைப்பது, யார் பொத்தான் வைப்பது என்பது வழி. முதலாவதில் உறுதியாக இருங்கள். இரண்டாவதை அவர்களே கூடிப் பேசிக்கொள்ளட்டும். வாடிக்கையாளரின் அளவிலும் விருப்பத்திலும் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதையும் முதலிலேயே சொல்லி விடுங்கள். எல்லை எது என்று தெரிந்தவருக்குத்தான் உள்ளே பயமின்றி நடமாட முடியும்.

இரண்டு, முயற்சியில் நேர்ந்த பிழையையும் கவனயீனத்தால் நேர்ந்த பிழையையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். தொலைபேசியில் கதைத்துக் கொண்டிருந்ததால் கேக் கருகினால் அது கவனயீனம், கண்டிக்கலாம். சீனியைக் குறைத்துப் பார்க்கலாமே என்று கேட்டு, நீங்களும் சம்மதித்துச் செய்து பார்த்து, அது சரிவராவிட்டால் அது முயற்சி. “பரவாயில்லை, இதிலிருந்து என்ன தெரிந்தது?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஏச்சு விழுந்தால், அடுத்த முறை முயற்சிதான் நிற்கும், கவனயீனம் நிற்காது. இப்படிச் செய்து பார்ப்பதற்கென்று சிறிய அளவொன்றையும் வகுத்துக் கொள்ளுங்கள். கல்யாணச் சாப்பாட்டின் பெரிய சட்டியில் பரீட்சை வேண்டாம். வீட்டுச் சிறிய சட்டியில் செய்து பார்க்கலாம். ஒரு பிழை எவ்வளவு நஷ்டத்தைத் தரும் என்று முன்பே தெரிந்தால் அதைப் பொறுத்துக்கொள்வது இலகு.

மூன்று, யோசனை யாருடையதோ பெயரும் அவருக்கே சேரட்டும். “இந்த மடிப்பு வேலை எங்கள் பிள்ளையின் யோசனை” என்று வாடிக்கையாளர் முன்னால் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. அதனால் இலாபம் கூடினால் அதில் ஒரு பங்கையும் கொடுங்கள். பாராட்டை நாம் எடுத்துக்கொண்டு பிழையை மட்டும் அவர் தலையில் போட்டால், அந்த யோசனையே அவருடைய கடைசி யோசனையாக இருக்கும்.

நான்கு, பிழையைக் கண்டு சொல்பவருக்கு நன்றி சொல்லுங்கள். வெட்டப் போகும் நேரத்தில், “மாமி, கொஞ்சம் பொறுங்கள், இந்தத் துணி கழுவினால் சுருங்கும் போலிருக்கிறது” என்று ஒரு பிள்ளை சொல்கிறாள். பத்து முறையில் ஏழு முறை அவள் சொல்வது தேவையற்றதாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்த ஏழு முறையும் முகம் சுளிக்காமல் இருந்தால்தான் மற்ற மூன்று முறையும் அவள் வாய் திறப்பாள்.

வீட்டில் நமக்கு உதவிக்கு வரும் பெண்ணும் ஓர் ஊழியர்தான் என்பதை நாம் ஏனோ மறந்து விடுகிறோம். அலுமாரியில் எது எங்கே இருக்க வேண்டும், எந்த நேரத்தில் எந்த வேலை இலகு என்பதெல்லாம் தினமும் அதைச் செய்யும் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை கேட்டதும் பதில் வராது. “நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்” என்றே சொல்வார். பல ஆண்டுகள் வாய் மூடி இருந்தவர் ஒரே கேள்வியில் திறந்து விடுவாரா? அவர் சொல்லும் ஒரு சின்ன யோசனையையாவது ஏற்றுச் செய்து காட்டினால்தான் அடுத்தது வரும்.

கடை வைத்திருக்கும் கணவரிடமும் இதைப் பற்றிக் கதைக்கலாம். கடைப் பையனுக்குத்தான், எந்தச் சாமானைத் தேடி வந்தவர்கள் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்பது தெரியும். காசு மேசையில் இருப்பவருக்கு விற்ற சாமான்களின் கணக்கு மட்டுமே தெரியும்; விற்காமல் போன வியாபாரத்தின் கணக்கு அந்தப் பையனின் மனதில் இருக்கிறது. அவனிடம் கேட்காவிட்டால் அது அவனோடேயே போய்விடும்.

யார் விட்டுக் கொடுப்பது?

ஊழியருக்குச் சுதந்திரம் கொடுப்பது ஓர் இரக்கச் செயல் போலப் பேசப்படுவதுண்டு. உண்மையில் அதற்கு முதல் விலை கொடுப்பவர் முதலாளிதான். “எல்லாம் எனக்குத் தெரியும்” என்ற பெருமிதத்தை அவர் விட வேண்டும். தன் வழியைவிட வேலைக்காரப் பிள்ளையின் வழி சிறந்தது என்று தெரியும்போது அதை நாலு பேர் முன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். கையில் சாவியை வைத்துக் கொண்டே பொறுப்பை ஒப்படைத்ததாகச் சொல்லக் கூடாது. பணத்தைக் கொடுப்பதைவிட இது கடினமானது. அதனால்தான் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பவர்கள்கூட இதைக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

அதேபோல், சுதந்திரம் பெற்றவருக்கும் பொறுப்பு உண்டு. தன்னை நம்பி விடப்பட்ட நேரமும் பொருளும் அமானிதம் என்பதை அவர் உணர வேண்டும். செய்து பார்த்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். கெட்டுப்போனதையும் சொல்ல வேண்டும். நம்பிக்கை இரு பக்கமும் இருந்தால்தான் அது நிலைக்கும்.

அன்புச் சகோதரிகளே! நாளைக் காலை வேலை தொடங்கும்போது, உங்களிடம் வேலை செய்பவரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: “இந்த வேலையில் உனக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது எது? அதை எப்படி மாற்றலாம் என்று நினைக்கிறாய்?” கேட்டபின் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். அவர் சொன்னதில் செய்யக் கூடியதை ஒரு வாரத்துக்குச் செய்து பாருங்கள். செய்ய முடியாததற்கு ஏன் முடியாது என்ற காரணத்தைச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் வேலைத்தலம் எப்படி மாறியிருக்கிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.